இராசநாயகம் அங்கிளும் நம் தாமானின் நடுச்சந்தும்

சனிக்கிழமை காலை அலோர் காஜா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நம் தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் இராசநாயகம் அங்கிளின் மகள் சுகந்தி இரண்டே வரி எழுதியிருந்தாள்: "அப்பா இன்று காலை தூக்கத்திலேயே போய்விட்டார். யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை." மீன்காரர் பையை நீட்டியபடியே நின்றார். "அக்கா, ஓகே லா?" என்று அவர் கேட்ட பிறகுதான் கையை நீட்டினேன்.

அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. போனவரைப் பற்றி எழுதும்போது நிம்மதி என்ற சொல்லைப் பயன்படுத்தத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுதான் உண்மை. உங்களில் பலருக்கு இந்தக் கதையில் பாதிதான் தெரியும். மீதியை நான்தான் சொல்லியாக வேண்டும்.

நம் தாமான் முன்பு ரப்பர் தோட்டமாக இருந்தது. தோட்டம் கைமாறியபோது, பால்மரம் வெட்டிப் பால் எடுத்த எங்கள் குடும்பங்களுக்கு ஆற்றோரப் பள்ளத்தில் மலிவு வீடுகள் கிடைத்தன. அது பின்வரிசை. மேட்டில் கட்டிய முன்வரிசை வீடுகளை ஆசிரியர்களும் அலுவலகக்காரர்களும் வாங்கினார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாண வழி வந்தவர்கள். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவரான அங்கிள் அங்கே முதலில் குடிவந்தவர்களில் ஒருவர். கோயிலும் பூப்பந்துத் திடலும் இரு வரிசைக்கும் பொது. நடுவே ஒரு சந்து. அதன் வழியே போனால் பஸ் நிறுத்தமும் தமிழ்ப்பள்ளியும் ஐந்து நிமிட நடை. சந்து இல்லாவிட்டால் லோரிகள் ஓடும் பெரிய சாலையைச் சுற்றித்தான் போக வேண்டும்.

பத்து வருடங்களுக்கு முன் முன்வரிசையில் அடுத்தடுத்து மூன்று வீடுகளில் திருட்டு நடந்தது. அந்தச் சந்து வழியை அடைக்க வேண்டும் என்று அங்கே குரல் எழுந்தது. அப்போது குடியிருப்போர் சங்கத் தலைவர் அங்கிள். அவர் கையெழுத்துப் போட்டார். ஒரே வாரத்தில் சந்தின் குறுக்கே தகர வேலி எழுந்தது.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். "எங்களத் திருடன்னு சொல்றீங்களா அங்கிள்? எங்க பிள்ளைங்க லோரிக்கு நடுவுல நடந்து ஸ்கூலுக்குப் போகணுமா?" என்று கத்தினேன். அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் அப்போது நான்காம் வகுப்பு.

அதுவரை நான் செய்தது சரி. அதற்குப் பிறகு செய்தது சரியில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில், கேட்டவர்களிடமெல்லாம், "எஸ்டேட் ஆளுங்களுக்குக் கை நீளம்னு அவரே சொன்னாரு" என்றேன். அவர் அப்படிச் சொல்லவேயில்லை. கோபத்தில் என் வாயில் வந்ததை அவர் வாயில் வைத்துவிட்டேன். மறுநாளே பின்வரிசை முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. அந்த வருடத் தீபாவளிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒரு வீட்டுப் பலகாரமும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. கோயிலில் எதிர்ப்பட்டால் அவர், "சுகமா பிள்ளை?" என்று கேட்பார். நான் காது கேளாதவள் போல நகர்ந்துவிடுவேன். இப்படியே நான்கு வருடம்.

பிறகு அந்த நவம்பர் வெள்ளம். விடியற்காலையிலிருந்து மழை. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் ஆறு ஏறி, எங்கள் வீடுகளில் முழங்கால் அளவு தண்ணீர். பெரிய சாலைக்குப் போகும் பக்கம் சுழித்து ஓடியது. காய்ந்த தரை என்றால் முன்வரிசை மேடு மட்டும்தான். நடக்க முடியாத என் மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வேலி வரைக்கும் வந்துவிட்டோம். குழந்தைகள், துணி மூட்டைகள், கூண்டுக்குள் கோழிகள் என்று பின்வரிசையே அங்கே கூடிவிட்டது. ஆண்கள் தகரத்தை ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை.

அப்போது மறுபக்கத்திலிருந்து கம்பி வெட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு கட்டாக அறுந்து, ஒரு தகரம் சாய்ந்து விழுந்தது. எழுபது தாண்டிய அங்கிள் தொப்பலாக நனைந்து, பெரிய வெட்டுக்குறட்டோடு நின்றார். உள்ளங்கையில் இரத்தம்.

"கெதியா வாங்கோ. பிள்ளைகள் முதல்ல," என்றார்.

அன்று அவர் வீட்டில் முப்பது பேருக்கு மேல் இருந்தோம். சுகந்தி பானை பானையாகத் தே ஓ என்னும் பாலில்லாத தேநீர் போட்டாள். என் மாமியாரை அவர் தன் கட்டிலில் படுக்க வைத்தார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஒரு பிள்ளைகூடக் காய்ச்சலில் விழவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கூட்டம் கூடியது. அவரே முதலில் எழுந்தார். "வேலிக்குக் கையெழுத்து வைச்சது நான். பயந்துபோய் வைச்சன். அது பிழை." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். முன்வரிசைக்காரர் ஒருவர், "மறுபடியும் திருட்டு வந்தா யாரு பொறுப்பு?" என்று கேட்டார். "விளக்குப் போடுவம். வழியை மூட மாட்டம்," என்றார் அங்கிள். அலுவலகம் அலுவலகமாக நடந்து, சந்துக்கு விளக்குக் கம்பத்தையும் சிமெண்டு நடைபாதையையும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

அவர் தன் பிழையைச் சபையில் சொல்லிவிட்டார். என்னுடையதை நான் இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கையில் இன்னும் கட்டு இருந்தது.

"அங்கிள், நீங்க சொல்லாதத சொன்னதா நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சும் ஏன் என்னைக் கேக்கல?"

"கேட்டிருந்தால் வேலியைப் பற்றியும் கதைக்கவேணும். அதுக்கு எனக்குத் தைரியம் இல்லை." பிறகு சிரித்தார். "சரி, இனி நீர் வீடு வீடாப் போய்த் திருத்தவேணும். அது என்னால ஏலாது."

போனேன். பின்வரிசையின் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, "நான் சொன்னது பொய்" என்றேன். சிலர் திட்டினார்கள். கடைசி வீட்டு மாரியாயி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி! இத்தனை வருசமா அந்த மனுசனுக்கு ஒரு முறுக்குகூடக் குடுக்கலயே லா!" அடுத்த தீபாவளிக்கு அங்கிள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தட்டு வைக்க இடமில்லை. எனக்கு ஃபோன் போட்டார். "பிள்ளை, எனக்குச் சீனி வருத்தம், இனிப்புச் சாப்பிடேலாது. நீர் உண்மையைச் சொன்னது காணும். நிப்பாட்டும்!"

அதற்குப் பிறகு கிடைத்த ஆறு வருடங்களை நான் வீணாக்கவில்லை. ஒரு மாலை, தோட்டத்தின் பழைய வரைபடத்தை மேசையில் விரித்தார். ஆறு, புகைக்கொட்டகை, கோயில், வரிசை வரிசையாக லயத்து வீடுகள். ஒரு கட்டத்தின் மேல் பென்சிலை வைத்தார். "உங்கட லயம் இதுதானே? இதுக்கு மேலதான் என்ர குசினி நிக்குது."

நான் எழுந்து அவர் சமையலறைக்குள் போய் நின்றேன். நான் பிறந்த இடம். பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்பெட்டி, சுகந்தியின் மசாலா டப்பாக்கள். அங்கிள் உள்ளே வரவில்லை; கதவருகில் நின்றுகொண்டார். "வீடு வாங்கின அண்டைக்கே தெரியும். உங்களுக்குச் சொல்ல வெட்கமாயிருந்தது," என்றார்.

இறுதிச் சடங்குக்கு இரு வரிசையும் வந்திருந்தது. யார் எந்த வரிசை என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி கலந்து நின்றோம். சாமான் கழுவும் இடத்தில் சுகந்தியிடம் அந்தப் பொய்யைப் பற்றி மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரியும் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "என்ன பொய்? அப்பா ஒண்ணுமே சொன்னதில்லையே அக்கா. உங்களப் பத்திப் பேசினா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுவார். 'கோகிலா முகத்துக்கு நேர கேக்கிற பிள்ளை.'"

முகத்துக்கு நேராக நான் கேட்டது ஒரே ஒரு முறை. மற்றதெல்லாம் முதுகுக்குப் பின்னால். அவர் அந்த ஒரு முறையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நான், போன மாதம் ஒரு மாணவியின் தாயைக் காரணமில்லாமல் கடிந்துகொண்டேன். மறுநாள் அவர் வந்தபோது எழுந்து, "நேத்து நான் பேசினது தப்பும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காரணம் எதையும் சேர்க்கவில்லை. அப்படிச் சொல்லலாம் என்று எனக்குக் காட்டியவர் அங்கிள்.

அவர் காலமான செய்தியோடு எனக்கு நிம்மதி ஏன் வந்தது என்றால், இதனால்தான்: அவரிடம் சொல்ல வேண்டியது என்று என்னிடம் எதுவும் மிச்சமில்லை.