செல்வம் அண்ணன் பார்த்த மாளிகை

எங்கள் கம்பெனி ஏசி மெக்கானிக் செல்வம் அண்ணன், செனகல் அதிபர் மாளிகையில் வேலை செய்தவர். வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டதால் ஒரு படம்கூட இல்லை. துபாயில் எங்கள் தொழிலாளர் கேம்பில் யாரும் நம்புவதில்லை.

இன்று கேம்புக்குத் திரும்பும் சோனாப்பூர் பஸ்ஸில் புது செக்யூரிட்டி மூசா ஏறினார். செனகல் தலைநகர் டக்காரில் பிறந்தவர்.

"இன்னிக்கு மாட்டுனீங்கண்ணே," என்றான் எங்கள் அறை குமார்.

அண்ணன் அந்த மாளிகையில் வேலை செய்ததை நான் சொன்னதும் மூசா ஆங்கிலத்தில் கேட்டார்: "நான் வெளியே இருந்துதான் பார்த்திருக்கிறேன். உள்ளே எப்படி இருக்கும்?"

"கடல் பக்கம் ஒரு ஹாலு. ஜன்னலத் திறந்தா ஏசியே வேணாம். மாட்டவே மனசு வரல," என்றார் அண்ணன்.

நான் மொழிபெயர்த்தேன். மூசா உடனே ஊரிலிருக்கும் அம்மாவை அழைத்து அதைச் சொன்னார்.

"அப்புறம்ண்ணே?" என்றது குமார்தான்.

நம்மூர் ஆளுநர் மாளிகை உள்ளே எப்படி இருக்கும்? பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஏசி மெக்கானிக்குகளுக்கு முன்னுரிமை.