இரு பக்கமும் அறுந்த வட்டம்

அச்சு இயந்திரம் வாங்கிய கடனில் பேனர்காரர் தன் மைத்துனருக்கு இன்னும் நாலாயிரம் பாக்கி. பதினொரு மணிக்குள் கைக்கு வராவிட்டால் இயந்திரத்தையே வண்டியில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். படம் அச்சடிக்கக் கொடுத்திருந்த ஆராய்ச்சிக்கார அம்மா தரவிருக்கும் ஆயிரத்தைந்நூறையும் சேர்த்தால்தான் அந்தத் தொகை தேறும்.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, பசை வாளி தூக்கி, தனிக்கடை வரை வந்தவர் பேனர்காரர். அவர் கண்ணுக்கு ஒரு நூல் கோணலும் தப்பாது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அந்தக் கண்தான் அன்று அவரைக் கவிழ்த்தது.

மாநாட்டுச் சுவரில் மாட்ட அந்த அம்மா கொடுத்த படத்தில் ஒரு வட்டம், இடமும் வலமும் அறுந்திருந்தது. படித்தவர்களின் அவசரப் பிழை என்று பேனர்காரர் நினைத்து, அதே நிறத்தில் இணைத்து, கணினிக் கோப்பையும் பழையதன் மேலேயே சேமித்து, அச்சடித்துவிட்டார். ஒட்டே தெரியவில்லை.

பத்தேகாலுக்கு வந்த அம்மா தாளை விரித்ததும் முகம் வெளுத்தார்.

"அண்ணே, வட்டத்தை யாரு மூடினது?"

"நான்தாம்மா. அறுந்து கிடந்துச்சு..."

"அறுந்தாத்தாண்ணே அது என் மூணு வருஷ வேலை! எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரே மாதிரி இருக்கிற பொருள்ல, எலக்ட்ரான் மாதிரித் துகள்களோட உந்தத்தை வரைஞ்சா முழு வட்டம். மேடு பள்ளமா வரிசை வச்சு அந்தச் சமத்தைக் குலைச்சா, ரெண்டு பக்கமும் கரைஞ்சு போகுது. நேராப் போட முடியாத கணக்கு. அதுக்கு இணையா, ஒரு பரிமாணம் கூடுதலா இருக்கிற ஈர்ப்பு உலகத்துல போட்டு விடையைப் பிடிச்சேன். கரைஞ்சதை நீங்க திரும்பக் கொண்டாந்துட்டீங்க!"

பேனர்காரர் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"முன்னே இந்த முழு வட்டம், பின்னே அந்த அறுந்ததுன்னு ரெண்டையும் மாட்டிடுங்களேன்?"

"கையால வரைஞ்சதைக் கணக்குன்னு சொன்னா பொய்ண்ணே."

அம்மாவின் மின்னஞ்சலில் மூலப்படம் இருந்தது. ஆனால் இயந்திரத்தின் உருளையில் ஒரே ஒரு படத்துக்கான தாள்தான் மிச்சம். அதற்குள் மைத்துனர் வாசலில் நின்றார்.

"என்ன மாமா, மூஞ்சி பேனரை விட நீளமா இருக்கு? வண்டி வெளிய நிக்குது."

"வாயை மூடிட்டு உக்காருடா!"

பேனர்காரர் மூலப்படத்தை அச்சுக்குக் கொடுத்தார். இயந்திரத்தின் அச்சுத் தலை இடமும் வலமும் ஓடியது. மை தீர்ந்துவிடுமோ, தாள் சிக்குமோ என்று அவர் மூச்சையே நிறுத்தி வைத்திருந்தார். விரலளவு விரலளவாக வட்டம் இறங்கி, இரண்டு இடைவெளியும் வெள்ளையாகவே வந்தன.

அம்மா அந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தார். "சரியா வந்திருக்குண்ணே. ரெண்டு தாளுக்கும் காசு போட்டுக்கோங்க."

"ஒண்ணுக்குத்தாம்மா. என் தப்பை விக்கிற ஆளில்ல நான்."

ஆயிரத்தைந்நூறை வாங்கினார், இழுப்பறையைக் கவிழ்த்தார். மைத்துனரின் விரித்த உள்ளங்கையில் ஒவ்வொரு நோட்டாக, உரக்க எண்ணி, நாலாயிரத்தையும் வைத்தார்.