ஐந்து நட்சத்திரமும் அளவு ஜாக்கெட்டும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எனக்குப் பொறுமை கிடையாது. ஆதம்பாக்கத்தில் எங்கள் ஜெபக் குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஜூன் மாதம் நான் என் பெண்ணை விட்டுப் பிரிந்திருக்க வேண்டியவள். பிரியவில்லை. அது எப்படி என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நினைக்கும்போதே கை பரபரக்கிறது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் பியூலா. பதினொரு வருஷம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். மகள் கெசியாவுக்கு ஏழு வயது. பேச்சு சரியாக வரவில்லை. செவ்வாயும் வியாழனும் மயிலாப்பூரில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். புது இடம், புது முகம் என்றால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள். வீட்டிலிருந்து வேலை பார்த்த வரைக்கும் சமாளித்தேன். போன வருஷம் ஜூன் மாதம், எல்லோரும் பெங்களூர் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். நான் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டேன்.

என் கணவர் ஸ்டீபன் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நல்ல மனுஷன், ஆனால் கணக்குப் பேர்வழி. "ஒரு வருஷம் பாரு பியூலா. வீட்டுல இருந்தே மாசாமாசம் ஏதாவது வந்தா சரி. இல்லன்னா நீ பெங்களூர் போ, பாப்பா திருச்சில எங்க அக்கா வீட்டுல இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. ஷிப்டுக்குப் போகிறவர் தனியாகக் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்வார்? ஆனால் திருச்சி என்ற வார்த்தை என் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டது. அம்மா எங்கே என்று கேட்கக்கூட வாய் வராத பிள்ளை அது.

சரி, நமக்குத் தெரிந்த வேலையையே செய்வோம், சொந்தமாக ஒரு மொபைல் ஆப் எழுதுவோம் என்று இறங்கினேன். எங்கள் தெருவில் மட்டும் நாலு தையற்கடை. எல்லோரும் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். அவர்களுக்கு ஒரு ஆப் செய்தால் பிய்த்துக்கொண்டு போகும் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். தோள், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம் என்று இருபத்திரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஜெபம் பண்ணினேன், பொய் சொல்லவில்லை. ஒரு டெய்லரிடமும் போய்ப் பேசவில்லை, அதுவும் பொய்யில்லை. நான் ரெடிமேட் சுடிதார் போடுகிறவள். கடைசியாக பிளவுஸ் தைத்தது என் கல்யாணத்துக்கு. அதையும் அம்மாதான் பார்த்துக்கொண்டார்.

நவம்பரில் ஆப்பை வெளியிட்டேன். இலவசம்தான். உள்ளே ஓடும் விளம்பரத்திலிருந்து வருமானம் வரும் என்று திட்டம். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று, ஈ காக்கா வரவில்லை. சேமிப்பிலிருந்து எடுத்து விளம்பரம் கொடுத்தேன். வந்தவர்கள் திறந்து பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். தினமும் காலையில் பல்கூட விளக்காமல் அந்த எண்ணிக்கையைப் பார்ப்பேன். பிறகு நாள் முழுக்க யார் மேலாவது எரிந்து விழுவேன்.

அப்போதுதான் ஆண்டவரிடம் நம்பர் கேட்க ஆரம்பித்தேன். "அப்பா, ஆயிரம் பேர் இந்த ஆப்பைத் தங்கள் போனில் இறக்க வேண்டும். ஒன்றுகூடக் குறையக் கூடாது." உபவாச ஜெபத்தில் சத்தமாகவே கேட்டேன். எங்கள் குழுவை நடத்துகிற எஸ்தர் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று சாயங்காலமே அவர் எல்லா ஜெபக் குழுக்களுக்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் தட்டிவிட்டார். "நம்ம பியூலா சிஸ்டர் கஷ்டப்பட்டு ஒரு ஆப் செஞ்சிருக்காங்க. எல்லாரும் போன்ல ஏத்திக்கோங்க. அஞ்சு ஸ்டாரும் குடுத்துடுங்க. இதையும் ஒரு ஊழியமா நெனச்சு செய்யுங்க."

விசுவாசிகள் விடுவார்களா? மூன்றே நாளில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. நான் சமையலறையில் ஆடினேன், கெசியாவும் சேர்ந்து ஆடினாள். ஆப் ஸ்டோரில் என் ஆப்புக்குக் கீழே வந்த கருத்துகளைப் படிக்க வேண்டுமே. "சிஸ்டருக்காக ஜெபிக்கிறோம்." "தேவன் உங்களை உயர்த்துவார்." ஒரு பெரியவர், "அருமையான ஆப். இன்னும் திறக்கவில்லை" என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார். இன்னொரு அம்மா போன் செய்து, "இதுல பாட்டு எங்க இருக்கு சிஸ்டர்?" என்று கேட்டார்.

அந்த ஆயிரம் பேரில் தையல் மிஷின் வைத்திருப்பவர் ஒருவர்கூட இல்லை. இரண்டே வாரத்தில் முக்கால்வாசிப் பேர் நீக்கிவிட்டார்கள், போனில் இடம் வேண்டுமே. மூன்றே நாளில் ஒரே மாதிரி குவிந்த பாராட்டைப் பார்த்து ஸ்டோருக்குச் சந்தேகம் வந்து, நட்சத்திரங்களையெல்லாம் எடுத்துவிட்டது. தையல் ஆப் என்று தேடினால் முன்பு மூன்றாவது பக்கத்திலாவது என் ஆப் வரும். இப்போது அதுவும் போயிற்று.

ஸ்டீபன் சொல்லி விண்ணப்பம் போட்டிருந்தேன், மார்ச் மாதம் பெங்களூர் கம்பெனி ஒன்றிலிருந்து வேலைக் கடிதம் வந்தது. ஜூன் முதல் வாரத்தில் சேர வேண்டும். ஸ்டீபன் எனக்கு ரயில் டிக்கெட் எடுத்தார். திருச்சியில் கெசியாவுக்குப் பள்ளிக்கூடமும் விசாரித்தாயிற்று. எனக்கு ஆண்டவர் மேல் கோபம், அப்பட்டமான கோபம். கேட்டதைக் கொடுத்துவிட்டு ஏன் இப்படி என் முகத்தில் கரி பூசினீர் என்று சண்டை போட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை ஜெபத்தில் வேறு வார்த்தை வரவில்லை. "ஆயிரம் வேண்டாம் அப்பா. இது தேவைப்படுகிற ஒரே ஒரு ஆளைக் காட்டும். எனக்குக் கெசியாவை விட்டுப் போக முடியாது." அவ்வளவுதான் சொன்னேன், அழுதுவிட்டேன்.

ஜெபம் முடிந்து கண்ணைத் துடைக்கக்கூட இல்லை. எஸ்தர் அக்கா ஒரு துணிப்பையை என் கையில் திணித்தார். "செவ்வாக்கிழம மயிலாப்பூர் போவேல்ல? இத ரஹீம் பாய் கிட்ட தைக்கக் குடுத்துடு. சபைக் கன்வென்ஷனுக்கு வேணும்." எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. உள்ளம் உடைந்து உட்கார்ந்திருக்கிறேன், இவருக்கு பிளவுஸ் கவலை.

செவ்வாய்க்கிழமை கெசியாவை அழைத்துக்கொண்டு போனேன். மாடவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னக் கடை. இரண்டு மிஷின், கூரை வரைக்கும் துணி மூட்டை. ரஹீம் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். துணியை வாங்கிப் பார்த்துவிட்டு, "அளவு ஜாக்கெட் எங்கமா?" என்றார். நான் பெருமையாக என் ஆப்பைத் திறந்து, "அது வேணாம் பாய். அக்காவுக்கு போன் போட்டு எல்லா அளவும் இதுல பதிஞ்சு தரேன்" என்றேன். இருபத்திரண்டு கட்டங்களையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"யார்மா அளவு குடுக்கறாங்க? நல்லா புட்ச்சிக்கினு கீற பழைய ஜாக்கெட் ஒண்ணு குடுப்பாங்க. இதே மாதிரி, கை மட்டும் அர இஞ்ச் எறக்கம்னு சொல்லிட்டு போய்க்கினே இருப்பாங்க. இந்த இருபத்திரண்டையும் ரொப்பிக்கினு உக்காந்தா நான் எப்போமா தெக்கறது?"

பையின் அடியில் அக்காவின் பழைய பிளவுஸ் பேப்பரில் சுற்றி இருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதற்குள் பாய்க்கு போன் வந்தது. பிளவுஸ் ரெடியா என்று ஒரு அம்மா. மிஷினிலிருந்து காலை எடுத்துப் பதில் சொல்லி வைத்தார். உடனே இன்னொரு போன், அதே கேள்வி. பிறகு ஒரு அம்மா நேரில் வந்து, தன் அளவு ஜாக்கெட்டைக் காணோம் என்று சண்டை பிடித்தார். பாய் மூன்று மூட்டையைப் பிரித்துக் கொட்டினார், அது கிடைக்கவே இல்லை. "வாரத்துக்கு ரெண்டு இப்டிதான்மா ஆவுது. என் உசுரே போவுது" என்று என்னிடம் சொன்னார்.

நான் அசையாமல் நின்றேன். என் மேல் யாரோ தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது. நான் கேட்ட அந்த ஒரே ஆள் என் கண் எதிரே உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால், புது இடம் என்றாலே நடுங்குகிற என் கெசியா, தரையில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறாள். அங்கேயே நின்றபடி ஸ்தோத்திரம் சொன்னேன். பாய் ஒரு மாதிரி பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் இருபத்திரண்டு கட்டங்களையும் தூக்கிப் போட்டேன். ஆறு மாத உழைப்பு, துளி வருத்தமில்லை. இப்போது ஆப்பில் மூன்றே வேலை. அளவு ஜாக்கெட்டைப் படம் எடுத்து அதற்கு ஒரு நம்பர் போடும். அந்த நம்பரை ஒரு துண்டில் எழுதி ஜாக்கெட்டில் குத்திவிட வேண்டும். அரை இஞ்ச் இறக்கம் போன்றதை வாயால் சொன்னால் பதிந்துகொள்ளும். தைத்து முடித்து ஒரு பட்டனைத் தட்டினால் வாடிக்கையாளருக்கு "உங்கள் பிளவுஸ் தயார்" என்று செய்தி போகும். மூன்று வாரத்தில் முடித்து பாயிடம் கொடுத்தேன்.

நாலே நாளில் அவரிடமிருந்து போன். "இன்னாமா இது, ஜாக்கெட்ட தேடினா சீட்டாட கூப்புடுது? நான் அஞ்சு வேள தொழறவன்மா." என் போனிலும் திறந்து பார்த்தேன். உள்ளே ஓடும் விளம்பரம் ரம்மி விளையாட்டுக்கு ஆள் பிடிக்கிறது. நான் ஜெபம் பண்ணிச் செய்த ஆப்பில் சூதாட்டம். அன்றைக்கே எல்லா விளம்பரத்தையும் எடுத்துவிட்டேன். வந்துகொண்டிருந்த சொற்பக் காசும் நின்றது. பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

"அப்போ துட்டுக்கு இன்னா பண்ணுவே?" என்றார்.

"தெரியல பாய். ஜெபம் பண்றேன்."

"பண்ணு. ஆனா என்னாண்ட துட்டு வாங்கு. ஓசில குடுத்துட்டு நாளைக்கு நீ மூடிக்கினு பூட்டா நான் யாரக் கேக்கறது? துட்டு குடுத்தாதான் ஒன்னாண்ட சண்ட போட முடியும்."

என்னோடு படித்த யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. மாதத்துக்கு ஒரு சாதா பிளவுஸ் தைக்கிற கூலி, அதுதான் கட்டணம் என்று பாயே முடிவு செய்தார். முதல் மாதக் கூலியை அவர் எண்ணிக் கையில் வைத்தபோது ஆண்டவரே நேரில் நின்ற மாதிரி இருந்தது. அவர் லைனிங் துணி வாங்குகிற தி.நகர் மேட்சிங் சென்டரிலும் சொல்லி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்ட வைத்தார்.

இதையெல்லாம் ஜெபக் குழுவில் சாட்சியாகச் சொன்னபோது எஸ்தர் அக்கா மறுபடியும் போனை எடுத்தார். மறுபடியும் நட்சத்திரமா என்று பயந்தேன். அவர் பேசியது இதுதான். "இந்தத் தடவ நீங்க யாரும் ஏத்தாதீங்க. ஸ்டாரும் வேணாம். உங்க டெய்லர் கிட்ட போய், அளவு ஜாக்கெட் தொலையாம இருக்க ஒரு வழி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

யோசித்துப் பாருங்கள் அன்பானவர்களே. அந்த ஆயிரம் பேரையும் வீண் என்று நான் திட்டியிருந்தேன். அவர்களில் பாதிப் பேர் புடவை கட்டுகிறவர்கள், ஆளுக்கொரு டெய்லர் இருக்கிறார். அடையாறில் ஒருவர், கோபாலபுரத்தில் ஒருவர், திருவான்மியூரில் அக்கா தங்கை இரண்டு பேர் என்று வர ஆரம்பித்தார்கள். கேட்டதை ஆண்டவர் முதலிலேயே கொடுத்திருக்கிறார், அவர்களை வைத்து என்ன செய்வதென்று எனக்குத்தான் தெரியவில்லை. மே கடைசியில் நாற்பத்திரண்டு கடைகள் மாதக் கட்டணம் கட்டின. கெசியாவின் பயிற்சிச் செலவு போக மளிகைக்கும் கொஞ்சம் மிஞ்சியது.

ஆனாலும் ஸ்டீபன் டிக்கெட்டைக் கேன்சல் செய்யவில்லை. ரயிலுக்கு இரண்டு நாள் முன்னால் சனிக்கிழமை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திருவான்மியூர் டெய்லரம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன். "படம் தொறக்க மாட்டேங்குதும்மா. நாளைக்கு முகூர்த்தம், பதினாறு பிளவுஸ் நிக்குது. இன்னாதான் பண்ணினு கீற நீ?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். ஐந்து நிமிடத்தில் சரி செய்து கொடுத்தேன். ஸ்டீபன் கையைக் கழுவாமலே கேட்டார். "இவ்ளோ திட்டறாங்களே, காசு கட்டறவங்களா?"

"கட்டறாங்க. ரெண்டு மாசமா."

"அப்ப உன்ன விடமாட்டாங்க" என்றார். கை கழுவிவிட்டு வந்து, போனை எடுத்து டிக்கெட்டைக் கேன்சல் செய்தார். பிறகு திருச்சிக்குப் பேசினார்.

இப்போதெல்லாம் நான் எண்ணிக்கையைக் கேட்டு ஜெபிப்பதில்லை. ஆளைக் காட்டும் என்று கேட்கிறேன், காட்டினால் அவர் கடையில் ஒரு நாள் போய் உட்காருகிறேன். எரிந்து விழுவது குறைந்திருக்கிறது, போகவில்லை. அதற்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பெங்களூர் ரயில் கிளம்பிய நேரத்தில் நான் கெசியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அவள் வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. என் மடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உங்களுக்கும் விட்டுப் பிரிய முடியாத ஒருவர் இருப்பார். பெரிய வார்த்தை எதுவும் தேட வேண்டாம். அவர் பெயரைச் சொல்லி இன்றைக்கே ஆண்டவரிடம் கேளுங்கள்.