நேர்க்கோட்டில் இறங்கும் ஏரி

கடந்த கல்வியாண்டில் நாற்பத்தோராயிரம் மாணவர்கள் கணினித் திரையில் ஒரு பொம்மையைத் தண்ணீருக்குள் நடத்திப் பார்த்தார்கள். அபிநயா அந்தக் கணக்கில் வரமாட்டாள். படம் வெளியாகும் முன்பே நடத்திப் பார்த்தவள் அவள்.

படத்தைச் செய்தவர் அவளுடைய அத்தை வெற்றிச்செல்வி. முப்பத்திரண்டு வயது. அரியலூரில் எம்.எஸ்சி. கணிதம் படித்து, ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். ஊரடங்கில் செல்போனில் பாடம் நடத்தியபோது, பின்னம் புரியாத பிள்ளைகளுக்காக, விரலால் தொட்டால் துண்டாகிற ஒரு தோசைப் படத்தைச் செய்தார். அது பல பேர் கைமாறி, சென்னையில் ஓர் இணையவழிப் பாட நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தபடி, அந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட படங்களைச் செய்து தருகிறார். மூலையை இழுத்தால் முக்கோணம் சாயும். எண்ணை மாற்றினால் வட்டம் பெரிதாகும். சூத்திரம் எழுதுவதற்கு முன்பே விஷயம் கண்ணுக்குத் தெரிந்துவிட வேண்டும் என்பார்.

எதையும் அனுப்பும் முன் அண்ணன் மகளிடம் கொடுப்பார். விளக்கம் சொல்ல மாட்டார். பிள்ளை எங்கே தொடுகிறாள், எங்கே தயங்குகிறாள் என்று பின்னால் நின்று பார்ப்பார்.

அந்தப் படம் எட்டாம் வகுப்பு வரைபடப் பாடத்துக்கானது. பொம்மை கரையிலிருந்து விலக விலக ஆழம் கூடும், பக்கத்தில் ஒரு நேர்க்கோடு வளரும். பின்னணிக்கு, ஊருக்குக் கிழக்கே கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டார். மழைநீர் தேங்கிய குழி. பச்சையும் நீலமுமாகத் திரையில் அழகாக இருந்தது.

“அத்தை, இது நம்ம மைன்ஸ்தானே?”

“ஆமாடி. ஆனா ஏரின்னு வச்சுக்க.”

“ஏரின்னா தாமரை எங்க? சரி வுடு. பொம்மைக்குத் தலையே வாரல. ரெட்டச் சடை போட்டு செவப்பு ரிப்பன் கட்டு. அப்பதான் பாஸ் போடுவேன்.”

“பெரிய மேனேஜரு!”

“பின்ன? எனக்குப் புடிக்கலன்னா மெட்ராஸ்காரங்களுக்கும் புடிக்காது.”

ரிப்பன் கட்டினார்.

சுரங்கத்தின் கரை அப்படிச் சாய்வாக இறங்காது. கல்லைப் படிப்படியாக வெட்டிக்கொண்டு போவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு வீட்டு உயரம். தண்ணீர் நிரம்பிய குழியில் மேல்படியில் நின்றால் முழங்கால் அளவுதான். விளிம்பைத் தாண்டினால் தரை கிடையாது. இது வெற்றிச்செல்விக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அண்ணன் கலைச்செல்வன் அதே மாதிரி குழிகளில்தான் டிப்பர் ஓட்டுகிறார். ஆனால் பாடத்துக்குத் தேவைப்பட்டது நேர்க்கோடு. வரைந்தார்.

இந்த மே மாதம், வழிதவறிய ஆட்டைத் தேடிப்போன அபிநயாவும் அவள் தோழியும் கால் கழுவ அந்தக் குழியில் இறங்கினார்கள். தோழி மட்டும் திரும்பி வந்தாள். தீயணைப்புக்காரர்கள் மறுநாள்தான் உடலை எடுத்தார்கள். அபிநயாவுக்குப் பன்னிரண்டு வயது.

“உள்ள போவாதன்னேன். மெதுவாத்தான் ஆழமாவும், எட்டலன்னா திரும்பிக்கலாம்னு சொன்னா.” துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் தோழி இதையே சொன்னாள். வெற்றிச்செல்வி கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாப் புள்ளையும் அப்படித்தான் நெனைக்கும் வெற்றி,” என்றார் அண்ணி தேவயானி. “நீ அதப் போட்டுக் காட்டலன்னாலும் நெனைச்சிருப்பா.”

காரியம் முடிந்ததும் வெற்றிச்செல்வி நிறுவனத்துக்குப் போன் செய்தார். ஜூலையில் புதிய எட்டாம் வகுப்புக்கு அந்தப் பாடம் திறப்பதற்குள் கரை மாற வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அங்கே பாடங்களுக்குப் பொறுப்பானவர் சரத்குமார். தன்மையான மனிதர். முதலில் துக்கம் விசாரித்தார்.

“ஏரின்னு தலைப்புலயே இருக்கே மேடம். ஏரி அப்படித்தானே இருக்கும்?”

“போட்டோ குவாரி சார். எங்க பக்கத்துப் புள்ளைங்க பாத்ததும் சொல்லிடும்.”

“சரி, போட்டோவ மாத்திடுவோம்.”

“அது போதாதுங்க. பக்கத்துலயே இன்னொரு கரை வைக்கணும், படி வெட்டுன கரை. மேல பாத்தா ரெண்டு தண்ணியும் ஒண்ணாத் தெரியும். இழுத்துப் பாத்தாத்தான் உள்ள என்னன்னு தெரியும்.”

“படிப்படியாப் போற வரைபடம் பதினொண்ணாம் வகுப்புல வருது மேடம். எட்டாவதுல வச்சா சிலபஸ்ல இல்லம்பாங்க. அதோட, புள்ள முங்குறத எப்படிக் காட்டுறது? பொம்மைக்குப் பதிலா வாத்து போடலாமா?”

“வாத்து மெதக்கும் சார்.”

சரத்குமார் வாத்தை விட்டுவிட்டார். கடந்த ஆண்டு அதிகம் பேர் கடைசி வரை பார்த்து முடித்தது அந்தப் படம்தான், அதில் கை வைத்தால் மேலிடத்தில் கேள்வி வரும் என்றார். அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்றார். படம் நிறுவனத்துடையது, வெற்றிச்செல்வியால் அதைத் தொட முடியாது.

புதிதாக ஒன்றைத் தானே செய்தார். பழைய பொம்மை, படி வெட்டிய கரை. ஊர் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அரங்கநாதன், ஜூனில் பள்ளி திறந்ததும் அதை ஸ்மார்ட் போர்டில் போடச் சொன்னார்.

முதலில் ஒரு பையன் எழுந்து பொம்மையை இழுத்தான். முழங்கால். இன்னும் கொஞ்சம் இழுத்தான். அப்போதும் முழங்கால். அடுத்த இழுப்பில் பொம்மையைக் காணோம். வரைபடத்தில் கோடு செங்குத்தாக விழுந்தது.

வகுப்பு சிரித்தது.

“டேய், ஆளு காலி!”

“திருப்பி எழுப்புடா!”

“நானு, நானு!”

வரிசையில் நின்று மூழ்கடித்தார்கள். வெற்றிச்செல்வி சுவரோரம் நின்று பார்த்தார். ஒரு மாணவி மட்டும் விளிம்பிலேயே பொம்மையை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“மிஸ், கழுத்தளவு தண்ணில நிக்கவே மாட்டேங்குது. ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்ல. கழுத்தளவுன்னு அங்க எடமே கெடையாது.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். பின்வரிசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற தேவயானி அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். கரண்டியோடு வாசலில் நின்றவர் எவ்வளவு பார்த்தார் என்று தெரியவில்லை. பிள்ளைகள் சாப்பிடப் போனதும் உள்ளே வந்தார்.

“எல்லா ஸ்கூல்லயும் கொண்டுபோய்க் காட்டு,” என்றார். “அந்த ரிப்பன மட்டும் எடுத்துடு.”

அன்று மாலையே எடுத்துவிட்டார். பொம்மைக்கு இப்போது சடையும் இல்லை.

செந்துறைப் பக்கம் இரண்டு பள்ளிகளில் காட்டக் கேட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போகிறார். குழிக்கு இன்னும் வேலி இல்லை. நிறுவனத்தின் வரைபடப் பாடம் ஜூலை ஏழாம் தேதி திறக்கிறது. போட்டோவை மாற்றியிருக்கிறார்கள், தாமரை பூத்த ஏரி. கரை பழைய நேர்க்கோடுதான். அதில் இறங்கும் பொம்மைக்கு ரெட்டைச் சடையும் சிவப்பு ரிப்பனும் இருக்கின்றன.