கிளட்ச்சை யார் மிதிப்பது

என் ஓரகத்திக்குத் தெருவில் ‘ஆஸ்பத்திரி டாக்ஸி’ என்று பெயர். என் கொழுந்தனின் மனைவி. கொழுந்தன் இப்போது இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களை வீட்டிலிருந்து ஏற்றிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அவள் தொழில். நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ். என் நோயாளிகள் பாதிப் பேர் அவள் காரில்தான் போய் வந்தார்கள்.

அவளுக்கு இடது முழங்கால் மடங்காது. மாடிப்படியில் உருண்டு நொறுங்கிய மூட்டை, வேறு வழியில்லாமல் நீட்டியபடியே இறுக்கிவிட்டார்கள். அந்த வருஷம் அவளைக் குளிப்பாட்டியதும் திட்டித் திட்டி நடக்க வைத்ததும் நான்தான். நடக்க ஆரம்பித்ததும் மிதிக்க முடியாத தையல் மெஷினை விற்றாள். அடுத்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் காரை வாங்கினாள். அதில் கிளட்ச் கிடையாது, வலது கால் ஒன்றே போதும். இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, “நீ சும்மா இரு” என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பாள்.

வாசலில் நின்று ஹார்ன் அடிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உள்ளே போவாள், குனிய முடியாதவருக்குச் செருப்பை மாட்டிவிடுவாள், தாமதம் செய்பவரை அதட்டுவாள். திரும்பி வரும்போது அவர்களுக்குத் தலை கிறுகிறுக்கும். ஒரு பிரேக்கை அழுத்திப் போட்டால் மடியிலேயே வாந்தி எடுத்துவிடுவார்கள். அவள் காரில் யாரும் எடுத்ததில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ஒரு நாள் காலை மேம்பாலத்து ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை. பின்சீட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்.

“என்னம்மா, உன் வண்டி என்னை மாதிரி மூச்சு மட்டும் வாங்குது?” என்றாராம்.

அவள் வேறொரு காரை வரவழைத்து, அவரோடு ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். தகவல் தெரிந்து ஓடி வந்த அவள் மகன், நண்பனின் வேனில் கயிற்றைக் கட்டி, காரை இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் சேர்த்தான். நல்ல பிள்ளை. யாரையும் கேட்காமல் உதவி செய்கிற வகை.

மதியம் எனக்கு ஃபோன் செய்தான். “பெரியம்மா, கியர் பாக்ஸ் போச்சு. நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. கொஞ்சம் வாங்களேன்.”

நானும் அவன் பக்கம் பேசத்தான் போனேன். அவளுடைய வலது முழங்காலும் வீங்க ஆரம்பித்திருந்தது எனக்குத் தெரியும்.

மெக்கானிக் பருத்த மனிதர், குரல் மட்டும் மெலிசு. அவரும் மகனும் முடிவையே எடுத்து வைத்திருந்தார்கள். இதே மாடலில் கையால் கியர் போடுகிற காரும் உண்டு. அப்படி அடிபட்ட கார் ஒன்றின் கியர் பாக்ஸ் பழைய சாமான் கடையில் இருக்கிறது. அதை வாங்கி மாட்டிவிட்டால் பிறகு தொல்லையே இல்லை. இந்தக் காரின் பழைய பெட்டியையே பிரித்து வேலை பார்த்தாலும் செலவு கிட்டத்தட்ட அதேதான், ஆனால் நம்ப முடியாது என்றார்.

தலைமையாசிரியரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்த அவள் கேட்டாள். “கிளட்ச்சை யாரு மிதிப்பா?”

“ஒரு டிரைவர் போட்டுக்கலாம்மா,” என்றான் மகன்.

“நான்?”

“நீங்க வீட்ல உக்காந்து ஃபோன் எடுங்க. ராணி மாதிரி.”

“ஃபோன் எடுக்கறதுக்குக் கால் எதுக்குடா? படுக்கையிலயே எடுத்திருப்பேனே. உங்க பெரியம்மா என்னை ஒரு வருஷம் வதைச்சு நடக்க வெச்சது வீணா?”

மகன் என்னைப் பார்த்தான். நான் மெக்கானிக்கைப் பார்த்தேன்.

“பழைய பெட்டி தேறவே தேறாதா?”

“செத்துப்போச்சும்மா.”

“திறந்து பாத்தீங்களா?”

“சத்தம் கேட்டாலே தெரியும்.”

“தொட்டுப் பாக்காம நான் யாரையும் செத்துட்டாங்கன்னு சொன்னதில்ல, தம்பி,” என்றேன். ஆள் கட்டிலில் கண் விழித்துக் கிடக்கும்போதே வராந்தாவில் கூடி நின்று முடிவெடுக்கிற சொந்தக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கும்பலில் நானும் ஒருத்தியாக நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கட்சி மாறினேன்.

அதற்குள் அவள் ஒரு ஸ்டூலை இழுத்து ஒர்க்‌ஷாப் வாசலுக்கு நடுவே போட்டு உட்கார்ந்துவிட்டாள். இடது கால் ரயில்வே கேட் மாதிரி குறுக்கே நீண்டிருந்தது.

“பெட்டியைத் திறக்கிற வரைக்கும் இது இப்படித்தான் இருக்கும். எந்த வண்டியும் உள்ள வராது, வெளிய போகாது. மடக்கச் சொன்னாலும் மடங்காது.”

வெளியே ஒரு லாரிக்காரர் ஹார்ன் அடித்தார். அவள் திரும்பக்கூட இல்லை. மெக்கானிக் பெருமூச்சு விட்டுவிட்டுக் காரை லிஃப்டில் ஏற்றி, கியர் பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். கருகிய நாற்றத்தோடு கறுப்பு ஆயில் கொட்டியது. தட்டில் ஒரு சின்னக் காந்தம் உண்டு, உள்ளே தேய்ந்து உதிர்கிற இரும்பு அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். அதில் ஈரச் சாம்பல் மாதிரி ஏதோ படிந்திருந்தது. விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“தூள்தான் இருக்கு. துண்டு எதுவும் இல்ல. பல் சக்கரம் உடையல. உள்ள உரசுற பிளேட்டுங்க எரிஞ்சிருக்கு, ஆயில் சீல் போயிருக்கு.” பிறகு மகனிடம், “கயித்துல கட்டி இழுத்திருக்கீங்க. ஆட்டோமேட்டிக்கை இப்படிச் சக்கரம் உருள இழுக்கக் கூடாது. மிச்சமிருந்த பிளேட்டும் அதுலதான் போயிருக்கும்,” என்றார்.

மகன் முகம் சுருங்கிப்போயிற்று. அவள் அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

“சரி விடு,” என்றாள். “ஆட்டோமேட்டிக் விஷயத்துல நீ முடிவெடுக்கிற லட்சணம் தெரிஞ்சுபோச்சு. இனிமே நான் எடுக்கறேன். அண்ணே, பிரிச்சு வேலை பாருங்க.”

“பாக்கலாம்மா. ஆனா இந்த மாதிரிப் பெட்டி திரும்பி வரும். வந்தா எல்லாரும் என் வாசல்ல நின்னு கத்துவாங்க.”

“நான் கத்த மாட்டேன். வந்தா மறுபடியும் பிரிங்க.”

“உத்தரவாதம் தர முடியாது.”

“என் மூட்டுக்கு டாக்டர் தந்தாரா? அதை வெச்சு நான் இத்தனை வருஷம் ஓட்டலயா?”

மெக்கானிக் சிரித்துவிட்டார். பிறகுதான் அவள் எழுந்து லாரிக்காரருக்கு வழிவிட்டாள்.

வேலை இழுத்தது. அதுவரை வாடகைக் காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பிரேக் போடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்தாள். அந்தக் காரில் தலைமையாசிரியர் ஒரு தடவை வாந்தி எடுத்தார். அவளே துடைத்தாள்.

பெட்டி தயாரானபோது, இரண்டாவது கியர் மாறும் இடத்தில் ஒரு உதறல் இருந்தது. ஓட ஓடக் குறையும், ஒரேயடியாகப் போகாது என்றார் மெக்கானிக். இன்னும் ஒரு தடவை பெரிய கம்பெனியில் காட்டலாமே என்று மகன் ஆரம்பித்தான். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தலைமையாசிரியரைக் கூட்டிவரும்போது நானும் பின்சீட்டில் இருந்தேன். உதறல் வருகிறதா என்று பார்க்கத்தான் போயிருந்தேன். வரவே இல்லை. அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

“சரியாயிடுச்சா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இல்லக்கா. கியர் மாறப் போகுதுன்னு தெரியும்போது ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை லேசா எடுத்துடறேன். அவருக்குத் தெரியாது.”

என் ஃபோன் அடித்தது. மகன்தான். “பெரியம்மா, அம்மா எப்படி ஓட்டறாங்க? முடியுதா? நீங்க சொல்லுங்க.”

“அவகிட்டயே கேளு,” என்றேன். “இப்ப கேக்காத. வண்டி ஓட்டிட்டிருக்கா.”