பலகைகளின் மேல் மூன்று நாள்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். வீடு ஸ்ரீரங்கத்தில். ஒரு நாள் ரேடியோவில் ஏதோ வெளிநாட்டு நிலையம் சிக்கியது. கதவு கிறீச்சிடுவதையும் ரயில் ஓடுவதையும் டேப்பில் பிடித்து, வெட்டி ஒட்டி, இசை என்று போட்டார்கள். வீட்டில் அணைக்கச் சொன்னார்கள். எனக்கோ எண்ணம் வேறு பக்கம் ஓடியது. எந்தச் சத்தமும் இசையாகும் என்றால், கேட்க வருகிறவனே அதை உண்டாக்கட்டுமே. அவன் ஏன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்?

கல்லூரிக் கண்காட்சிக்கு அதைச் செய்தேன். தரையில் பன்னிரண்டு பலகைகள். மிதித்தால் அடியில் கம்பிகள் தொட்டுக்கொள்ளும்; எங்காவது ஒரு மணி அடிக்கும், அல்லது பழைய ரேடியோ ஒன்று ஊளையிடும். பலகை அறுத்து, கம்பி இழுத்து, எல்லாம் செய்தவர் எங்கள் லேப் அட்டெண்டர். தொட்டியத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். சிறு வயதில் வந்த வாதத்தில் இடது கால் சூம்பியிருந்தது.

முதல் நாள் வந்தவர்கள் கூச்சப்பட்டு ஓரமாகவே நின்றார்கள். நடந்து காட்ட அவரைக் கூப்பிட்டேன். வலது கால் ஒரு பலகையில் அழுந்த விழுந்தது; இடது கால் அடுத்த பலகையில் இழுபட்டு உரசியது. மணி, பிறகு நீண்ட ஊளை. மறுபடி மணி, ஊளை. யாரோ சிரித்தார்கள். பிறகு கூடமே சிரித்தது.

எனக்கு வெட்கமாக இல்லை. யாராலும் எழுதி வைக்க முடியாத தாளம் என்றே பட்டது. இன்னும் வேகமாக நடக்கச் சொன்னேன். மறுநாள் வாசலில் கூட்டம் நின்றது. நொண்டி வாத்தியம் எந்த அறையில் என்று விசாரித்துக்கொண்டு வந்தார்கள். புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், பிள்ளைகளை அவர் பின்னால் அதேபோல் காலை இழுத்து நடக்கவிட்டு ரசித்தது.

மூன்றாம் நாள் அவர் மனைவியும் மகளும் வந்தார்கள். வருவார்கள் என்று காலையிலேயே என்னிடம் சொல்லியிருந்தார். கூட்டத்தில் அவர்களைக் கண்டதும் பலகை மேலேயே நின்றுவிட்டார். ரேடியோ விடாமல் ஊளையிட்டது. சிரிப்பு அதிகமாயிற்று.

"நிக்காதீங்க, நடங்க," என்றேன்.

நடந்தார். மகள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

மாலையில் கம்பிகளைச் சுருட்டும்போது, "இதெல்லாம் நான் செஞ்சதுன்னு எம் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்," என்றார்.

கண்காட்சியில் அதற்குப் பரிசு வாங்கியபோதும் நான் சொல்லவில்லை.

பார்க்க வருகிறவர்களையே சேர்த்துக்கொள்ளும் கலை அன்று ரேடியோவில் கேட்டது போன்ற இசையிலிருந்துதான் கிளைத்தது என்று பல வருடம் கழித்து ஒரு பத்திரிகையில் படித்தேன். நானும் செய்தவன் என்று முதலில் பெருமை வந்தது. அவர் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது.

கண்காட்சி முடிந்ததும் அவர் நூலகத்துக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். வராந்தாவில் என்னைக் கண்டால் சுவரோரம் நின்றுவிடுவார். நான் கடந்து போகும்வரை ஓர் அடிகூட எடுத்து வைக்கமாட்டார்.