அக்காவின் மாம்பழக் கஸ்ரட் பியர்

அக்கா எங்கள் வீட்டுப் படியேறுவதை நிறுத்தியதற்குக் காரணம் ஒரு பிளாஸ்டிக் வாளி.

அந்த வாளி எனக்குச் சும்மா கிடைத்தது. சென்ட் லோரன்டில் நான் வேலை செய்யும் மருந்துத் தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று மாத்திரைப் பெட்டிகளைச் சரிபார்க்கும் கெபெக் பெண் யூலை முதலாம் திகதி வீடு மாறினாள். வாடகை ஒப்பந்தங்கள் முடிகிற அன்று இந்த நகரத்தில் பாதிப் பேர் வீடு மாறுவார்கள், மீதிப் பேர் அவர்களுக்குச் சாமான் தூக்குவார்கள். தூக்கப் போன எனக்கு, இறுக்கமான மூடி போட்ட பெரிய வாளி, ஒரு குழாய், போத்தலுக்குத் தகர மூடி அடிக்கும் கருவி எல்லாவற்றையும் தந்துவிட்டாள். பியர் காய்ச்சுகிற சாமான்களாம். எனக்கு வாளிதான் கண்ணில் பட்டது. அரிசி போட்டு வைக்க அருமையான வாளி.

அரிசி போட்டிருந்தால் ஒரு வில்லங்கமும் வந்திருக்காது. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், ஒரு விஷயத்தை எப்படிச் செய்வது என்று தெரிந்துவிட்டால் செய்து பார்க்காமல் இருக்க முடியாது. முளைக்க வைத்த பார்லியின் சாறு, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர், அவ்வளவுதானாம். காய்ச்சி, ஆறவைத்து, புளிக்க விட வேண்டும். தோசைமா புளிக்க வைக்கிறவளுக்கு இது என்ன பெரிய வித்தையா? நான் குடிகாரியும் இல்லை. அரைக் கிளாஸ் குடித்தாலே காது சூடாகிவிடும். எனக்குச் செய்வதுதான் சந்தோஷம். குடிக்கிற பாரத்தை என் கணவர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா கோயிலில் இருந்து நேரே வந்தார். அவர் இருப்பது டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், கோயிலுக்குக் கிட்ட. வில்லரேயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புட்டும் கறியும் கொண்டு வருவது அவர் விடாத வழக்கம். குசினி மூலையில் வாளி குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"என்னடி இது, ஊறுகாயோ?"

"பியர், அக்கா."

அக்கா நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் கோயிலால நேரா வாறன். நீ குசினிக்குள்ள கள்ளுத் தவறணை வைச்சிருக்கிறாய்! பொம்பிளை செய்யிற வேலையோ இது?"

நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "ஆம்பிளை செய்தால் சரியோ?" என்று கேட்டேன். அவ்வளவுதான். "இனி நான் இந்தப் படி ஏறமாட்டன்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கிப் போனார்.

அக்காவின் கோபம் விசித்திரமானது. அவர் வராவிட்டாலும் புட்டு வந்தது. ஞாயிறு மத்தியானம் கீழே தெருவில் கார் வந்து நிற்கும், கோன் அடிக்கும். என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்குவார். கார் யன்னலால் சாப்பாட்டுப் பெட்டிகள் கைமாறும். போன கிழமைப் பெட்டிகளில் நான் வடையோ ரவை உருண்டையோ போட்டுத் திருப்பி அனுப்புவேன், ஏனென்றால் எங்கள் ஆட்களிடம் வெறும் பாத்திரம் திரும்பிப் போகக்கூடாது. நான் மேலே பல்கனியில் நின்று பார்ப்பேன். அக்கா நிமிராமல் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு ஆத்திரமாக வரும். அழுகையும் வரும். இந்த நாட்டுக்கு என்னைக் கூப்பிட்டு, முதல் குளிருக்கு எனக்குச் சப்பாத்து வாங்கிப் போட்டுவிட்ட மனுசி, ஒரு வாளிக்காக என் வீட்டுக்கு வராமல் இருக்கிறார். குளிர்காலம் வந்தது, போனது. அக்கா திரும்பவும் மேலே வந்து என் குசினிக் கதிரையில் உட்கார வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

கோடையில் தமிழ்க் கடைகளில் மாம்பழப் பெட்டி வந்து இறங்கியதும் எனக்கு அக்காவின் கஸ்ரட் ஞாபகம் வந்துவிட்டது. மாம்பழம், வனிலா, பால், ஏலக்காய், அடியில் நொறுக்கிய பிஸ்கட். எங்கள் சொந்தத்தில் அந்தக் கஸ்ரட் இல்லாமல் ஒரு பிறந்தநாளும் நடந்ததில்லை. ஆனால் அது காரில் வராது. குலுங்கினால் உடைந்துவிடும் என்று அக்கா அதைத் தன் கண் முன்னால் இருந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தான் கொடுப்பார். ஆகவே எனக்கு அதுவும் நின்றுபோயிருந்தது. சரி, கஸ்ரட் வராவிட்டால் அதை நானே பியராகக் காய்ச்சுகிறேன் என்று ஒரு வீம்பு.

"நீர் பியராலதான் பிரிஞ்சனீர். பியராலயே ஒட்டப்போறீரோ?" என்றார் கணவர்.

"அக்காவுக்கு ஆர் குடுக்கப்போறது? இது எனக்கு."

பிஸ்கட் வாசனைக்கு வறுத்த பார்லி கொஞ்சம், தடிப்புக்கு ஓட்ஸ், பால் இனிப்புக்கு லக்டோஸ். அந்தச் சீனியை பியர் ஈஸ்ட்டால் தின்ன முடியாது, அதனால் இனிப்பு கடைசிவரை நிற்கும். கசப்புப் பூவை ஒரு நுள்ளுத்தான் போட்டேன். மாம்பழத்தைத் தகர ரின்னில் வாங்கு, சுகம், என்று எல்லோரும் சொன்னார்கள். ரின் பழத்தில் கஸ்ரட் செய்தால் அக்கா கண்டுபிடித்துவிடுவார். பெட்டிப் பழங்களைத் தோல் சீவி, துண்டாக்கி, ஐஸாக உறைய வைத்து, பிறகு இளக விட்டேன். அப்படிச் செய்தால் பழம் நன்றாகச் சாறு விடும். முதல் புளிப்பு அடங்கிய பிறகு அதை வாளிக்குள் கொட்டி, வனிலாவும் ஏலக்காயும் போட்டு மூடினேன்.

மறுநாள் வேலையால் வந்து பார்த்தால் குசினி முகடு மஞ்சள். பழத்தின் சீனியைக் கண்டதும் ஈஸ்ட்டுக்கு விசர் பிடித்துவிட்டது. மாம்பழத் தும்பு போய் மூடியில் இருந்த காற்றுக் குழாயை அடைக்க, உள்ளே இருந்த காற்று அதை யன்னல்வரை தூக்கி எறிந்திருந்தது. கணவர் கதிரையில் ஏறி நின்று முகட்டைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே விரலை நக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வரும்போல கிடக்கு" என்றார்.

நன்றாகத்தான் வந்தது. போத்தல்தான் இல்லை. நான் பியர் கொடுக்கும்போதெல்லாம் வெறும் போத்தலைத் திருப்பித் தரும்படி கெஞ்சிச் சொல்லியிருந்தேன். தொழிற்சாலை ஆட்கள் கழுவித் தந்தார்கள். எங்கள் ஆட்கள்? அவர்களால் எப்படி வெறும் போத்தலைத் திருப்பித் தர முடியும்? மூன்று வீட்டார் நல்லெண்ணெய் ஊற்றித் தந்தார்கள். ஒருவர் வீட்டில் இடித்த மிளகாய்த்தூள். எதிர்வீட்டு மாமி காசியில் இருந்து வந்த தண்ணீரில் கொஞ்சம் ஊற்றி, பூச்சுற்றித் தந்தார். எண்ணெய் பட்ட போத்தலில் பியர் ஊற்றினால் நுரையே நிற்காது. மிளகாய்த்தூள் போத்தலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காசித் தண்ணீரை என்ன செய்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சமையல் பிரச்சினை இல்லாத கோடையாக அது போனது, எங்களிடம் மூன்று வீட்டு எண்ணெய் இருந்தது. தொழிற்சாலையில் கைநீட்டி வாங்கிய போத்தல்களில் மாம்பழப் பியரை அடைத்து, மூடி அடித்து, காற்றுப் பிடிக்க வைத்துவிட்டு, பொறுமையில்லாமல் காத்திருந்தேன்.

திறந்த அன்று எனக்கே நம்ப முடியவில்லை. பொன் மஞ்சளில் கலங்கல், மேலே வெள்ளை நுரை, மூக்குக்குள் ஏலக்காய். வாயில் வைத்ததும் அக்கா வீட்டு மேசை. ஒரு வாய் குடித்துவிட்டுக் குசினியில் நின்று சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு எனக்கு வேலை. நான் வீட்டில் இல்லாத நேரம் அக்காவின் கோன் அடித்தது. பெட்டிகள் கழுவி வெறுமையாக இருந்தன, நான் ஒன்றும் செய்து வைக்கவில்லை. என் கணவருக்கு ஊர் வழக்கம் தெரியும், யாருக்கு எதைக் கொடுப்பது என்றுதான் தெரியாது. வெறும் பெட்டி கொடுக்கக்கூடாது என்று குளிர்பெட்டியைத் திறந்தார், கைக்கு அகப்பட்ட மாம்பழப் போத்தலைப் பெட்டிகளோடு பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"என்ன குடுத்தனீங்கள்?" என்று வந்து கேட்டேன்.

"மாம்பழம்" என்றார், சந்தேகமே இல்லாமல்.

போத்தலில் பெயர் ஒன்றும் இல்லை. அக்கா மாம்பழச் சர்பத் என்று நினைப்பார். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் முதலில் சாமி அறையில் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் தொடுவார். நான் காய்ச்சிய பியரை முருகனுக்குப் படைக்கப்போகிறார்! தொலைபேசி எடுத்தேன், அவர் எடுக்கவில்லை. கிழமை முழுக்க எடுக்கவில்லை. இனிமேல் புட்டும் வராது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஞாயிறு கார் வந்தது. கோன் அடிக்கவில்லை. யன்னலால் பார்த்தேன். அக்கா காரை விட்டு இறங்கிவிட்டார், கையில் அந்தப் போத்தல். வீட்டுக்கு வெளியே வளைந்து மேலே வருகிற இரும்புப் படி எங்களுடையது. அக்கா ஒரு படி ஏறுவார், நிற்பார். கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பார். வளைவில் வந்து படியிலேயே குந்திவிட்டார். ஏசுவதற்குச் சொல் தேடுகிறார் என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கணவர் குளியலறைக்குள் போய்விட்டார்.

அக்கா வந்து குசினிக் கதிரையில் இருந்தார். மூச்சு வாங்கினார். போத்தலை மேசையில் வைத்தார்.

"இதுக்குள்ள என்ன போட்டனி?"

"அக்கா, அது இவர் தெரியாமல்..."

"மாம்பழம், வனிலா, ஏலக்காய். பிஸ்கட் மணமும் வருது. இது என்ர கஸ்ரட் எல்லே?"

நான் தலையாட்டினேன். "சாமிக்கு வைச்சனீங்களோ?" என்று மெல்லக் கேட்டேன்.

"வைக்கத்தான் போனன். மூடியைக் கிளப்ப, பொங்கிச் சீலையெல்லாம் ஊத்திப்போட்டுது. அப்பவே எனக்கு விளங்கிச்சுது, இது உன்ர வாளிச் சாமான் எண்டு."

"பேந்து?"

"பேந்தென்ன, உன்ர வீட்டால வந்ததைக் கொட்டுறதோ? ஒரு கிளாஸ் குடிச்சன். வனிலா கொஞ்சம் காணாது."

சிரிப்பு முந்தியதா அழுகை முந்தியதா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தன. "அப்ப கோபம் போயிட்டுதோ அக்கா?"

"அது குளிருக்கு முன்னமே போயிட்டுது. இந்த முழங்கால்தான் விடேல்லை." அக்கா சீலைக்கு மேலால் முழங்காலைத் தடவினார். "ஏறமாட்டன் எண்டு பெரிசாச் சொல்லிப்போட்டுப் போனன். பிறகு ஏறலாம் எண்டு பார்த்தா, உன்ர படி ஏலாமல் கிடக்கு. அதை எப்பிடிச் சொல்லுறது? வீம்பெண்டு நீ நினைச்சாலும் பரவாயில்லை எண்டு இருந்திட்டன்."

"நான் ஒவ்வொரு கிழமையும் பல்கனியிலதான் நிண்டனான்."

"தெரியும். நிமிர்ந்து பார்த்தா அழுகை வருமெண்டு பார்க்கேல்லை." அக்கா போத்தலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "ஒவ்வொரு முறையும் கோனை அடிச்சுப்போட்டு, இண்டைக்கு நீ இறங்கி வருவாய் எண்டு இருப்பன். வாறது உன்ர மனுசன்."

நான் எழும்பிப் போய்ச் சாப்பாட்டைப் போட்டேன். அக்கா என் சம்பலில் உப்புக் கூடிவிட்டது என்று குறை சொன்னார், முகட்டில் இன்னும் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறது என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினார். பின்னேரம் நான் அவர் கையைப் பிடித்து, படி படியாகக் கீழே கூட்டிப் போய்க் காரில் ஏற்றிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு கோன் சத்தம் கேட்டதும் வழக்கம்போலக் கணவர் செருப்பைத் தேடினார். நான் வெறுங்காலோடு இறங்கிவிட்டேன். வெயிலில் இரும்புப் படி நெருப்பாகச் சுட்டது.